'பி மோர் சில்': விமர்சகர்கள் பார்த்ததும் இளையோர் கேட்டதும்

2019 பிப்ரவரி 13 அன்று, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் அமைந்த பிராட்வேயில், லைசியம் அரங்கில், 'பி மோர் சில்' என்ற இசை நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கியபோது, அதைப் பார்க்க வந்த பதின்பருவத்தினரில் பலருக்கு அதன் பாடல்கள் முன்பே மனப்பாடமாகியிருந்தன. நாடகத்தை அதுவரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மார்ச் 10 அன்று முறையான அரங்கேற்றம் நடந்தது. அதையொட்டி வந்த விமர்சனங்களில் பாராட்டும் குறையும் கலந்திருந்தன என்றாலும், பிராட்வேயில் மிகுந்த செல்வாக்குள்ள நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் தீர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஆகஸ்ட் 11 அன்று, 177 காட்சிகளோடு, நாடகம் நிறுத்தப்பட்டது.

இந்த வரலாற்றைத் தலைமுறைச் சண்டையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. வயதான விமர்சகர்களுக்கு இளையோரின் உலகம் புரியவில்லை என்பது ஒரு கட்சி. கைபேசியோடு வளர்ந்த கூட்டத்திற்கு நாடகம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே சோம்பலான விளக்கங்கள் என்பது என் எண்ணம். இரு தரப்பினரும் தத்தம் அளவில் கூர்ந்தே கவனித்தார்கள். ஆனால் அவர்கள் கவனித்த பொருள் ஒன்றாக இருக்கவில்லை. இளையோரிடம் இருந்தது பாடல்களின் ஒலிப்பதிவு. விமர்சகர்கள் முன்னால் நடந்தது இரண்டரை மணி நேர மேடை நிகழ்ச்சி. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால், ஒரே படைப்பைப் பற்றித்தான் இருவரும் வழக்காடுகிறார்கள் என்று வெளியில் இருந்தவர்களுக்குத் தோன்றியது.

நாடகத்தின் மூலம் நெட் விசினி 2004இல் வெளியிட்ட நாவல். நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஜெரமி என்ற பையன் யார் கண்ணிலும் படாமல் நாளைக் கடத்தினால் போதும் என்று வாழ்பவன். அவனுடைய ஒரே நண்பன் மைக்கேல். பள்ளி நாடகக் குழுவில் இருக்கும் கிறிஸ்டீன் என்ற பெண்ணை விரும்புகிறான், பேசத் துணிவில்லை. 'ஸ்க்விப்' என்ற மாத்திரையைப் பற்றி அவனுக்குத் தெரியவருகிறது. மாத்திரை வடிவில் இருக்கும் அந்த மீத்திறன் கணினியை மவுண்டன் டியூ பானத்தோடு விழுங்கினால், அது மூளைக்குள் அமர்ந்துகொண்டு எப்படி நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யாரிடம் என்ன பேச வேண்டும் என்று ஓயாமல் கட்டளையிடும். ஜெரமி விழுங்குகிறான், பள்ளியில் பெயர் வாங்குகிறான், அதற்கு விலையாக மைக்கேலை இழக்கிறான். இழப்பு என்பது இங்கே மனம் விலகுவதோடு நிற்பதில்லை: கண்ணெதிரே நிற்கும் நண்பன் ஜெரமியின் பார்வைக்கே தெரியாதபடி ஸ்க்விப் அவனை மறைத்துவிடுகிறது. இறுதியில் பள்ளி முழுவதையும் அந்த மாத்திரை ஆட்கொள்ளப் பார்ப்பதும், வெகுகாலம் முன்பே கடைகளிலிருந்து மறைந்துபோன சிவப்பு மவுண்டன் டியூ அதற்கு மாற்று மருந்தாவதும், மலிவான அறிவியல் புனைவுப் படங்களை வேண்டுமென்றே நினைவூட்டும் கேலிக்கூத்து.

ஜோ ஐகானிஸ் இசையும் பாடல்களும் எழுத, ஜோ ட்ரேஸ் உரையாடல் எழுத, ஸ்டீபன் பிராக்கெட் இயக்கிய இந்த நாடகம் முதலில் அரங்கேறியது நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் நகரில் உள்ள டூ ரிவர் தியேட்டரில், 2015ஆம் ஆண்டின் கோடையில். சில வாரங்களே நடந்தது. டைம்ஸ் விமர்சகர் சார்ல்ஸ் இஷர்வுட் தந்த வரவேற்பு மந்தமாகவே இருந்தது. நியூயார்க்கின் பெரிய நாடகங்கள் பல இப்படி வெளியூர் அரங்கொன்றில் பிறந்து, அங்கே கிடைக்கும் நல்ல விமர்சனத்தைக் காட்டி முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டுதான் நகரத்துக்குள் நுழைகின்றன. அந்தக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லையென்றால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். இதற்கும் முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. எஞ்சியது ஒன்றுதான்: நடிகர்கள் பாடிய பாடல்களைக் கோஸ்ட்லைட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அதே ஆண்டின் இறுதிவாக்கில் தொகுப்பாக வெளியிட்டிருந்தது.

அந்தத் தொகுப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அரவமில்லாமல் கிடந்தது. பிறகு 2017இல், பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல், பதின்பருவத்தினரிடையே பரவத் தொடங்கியது. பாடல்களுக்குத் தாங்களே படம் வரைந்து அசையும் காட்சிகளாக்கி யூடியூபில் ஏற்றினார்கள். மைக்கேலின் சிவப்பு மேற்சட்டையைத் தைத்து அணிந்துகொண்டார்கள். கதையின் விட்டுப்போன பகுதிகளைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஆண்டில் டம்ளர் (Tumblr) என்ற சமூக வலைத்தளத்தில் 'ஹாமில்டன்' நாடகத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட இசை நாடகம் இதுவே. பாடல்கள் இணையத்தில் 10 கோடி தடவைக்கு மேல் கேட்கப்பட்டன. மூடப்பட்டு இரண்டாண்டு ஆன ஒரு நாடகம், மேடையே இல்லாமல் ரசிகர்களைச் சேர்த்தது என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். அவர்கள் பார்க்காத காட்சிகளைத் தங்கள் மனத்திலும் தாளிலும் அவர்களே அமைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனி 'பி மோர் சில்' இருந்தது. அதில் மட்டமான நடிப்புக்கோ, வேகம் குறைந்த காட்சிக்கோ, பொருந்தாத அரங்க அமைப்புக்கோ இடமே இல்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டைப் பார்த்தால் போதும். 'மைக்கேல் இன் த பாத்ரூம்' என்ற அந்தப் பாடல் ஹாலோவீன் விருந்தொன்றில் வருகிறது. நண்பனால் கைவிடப்பட்ட மைக்கேல் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறான். வெளியே இசையும் கூச்சலும். வந்தது தவறு என்று தன்னையே நொந்துகொள்கிறான், நண்பன் பக்கத்தில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறான், கதவைத் தட்டுகிறார்கள், வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே இருக்கவும் முடியவில்லை. மைக்கேலாக நடித்த ஜார்ஜ் சலாசர் முதலில் சாதாரணப் பேச்சைப் போலத் தொடங்கி, மூச்சு முட்டும் நிலைக்குப் போய், கசப்பான கேலியோடு முடிக்கிறார். கதையோட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டு இல்லாவிட்டாலும் நாடகத்தில் எதுவும் மாறாது. மைக்கேல் துணைப்பாத்திரம்; குளியலறையில் அவன் எந்த முடிவும் எடுப்பதில்லை; அடுத்த காட்சிக்கு அங்கிருந்து எதுவும் போவதில்லை. மேடையில் பார்ப்பவருக்கு அது நல்ல இடைநிறுத்தம். காதணியை மாட்டிக்கொண்டு கேட்கும் பதினான்கு வயதினருக்கு அதுவே நாடகம். மற்றதெல்லாம் அதற்கு வந்து சேரும் வழி. நாயகனாக ஜெரமியை எழுதினார்கள். கேட்டவர்கள் மைக்கேலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மாத்திரை விழுங்கத் துணிபவனைவிட, விழுங்காமல் ஒதுங்கி நின்றதால் தனியாகிப்போனவனிடம் அவர்கள் தங்களைக் கண்டார்கள் என்பதில் வியப்பில்லை.

நாடகத்தில் வெற்றி கண்ட ஒரு பாட்டைத் தனியே கேட்பது புதிய வழக்கமில்லை. ஆனால் முன்பெல்லாம் மேடையின் புகழ் ஒலித்தட்டை விற்றது. இங்கே வரிசை தலைகீழானது. அதனால் 2018இல் நாடகம் நியூயார்க்குக்கு வந்தபோது, அதைக் கொண்டுவந்தது விமர்சகர்களின் பரிந்துரையாக இல்லை. பெர்ஷிங் ஸ்குவேர் சிக்னேச்சர் மையத்தில், ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் 30 வரை நடந்த காட்சிகளின் டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. அந்த ஓட்டம் முடிவதற்குள்ளேயே பிராட்வேக்குப் போவதாக அறிவிப்பும் வந்துவிட்டது.

டைம்ஸின் பென் பிரான்ட்லி 2019 மார்ச்சில் எழுதிய விமர்சனம் இந்த விவகாரத்தின் மையமான ஆவணம். அப்போது பிராட்வேயில் பதின்பருவத்தைப் பேசும் இசை நாடகங்கள் பல ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன: 'டியர் எவன் ஹான்சன்', 'மீன் கேர்ள்ஸ்', 'த ப்ராம்'. வழக்கமான அளவுகோல்களின்படி அவற்றுள் 'பி மோர் சில்' கடைசியில்தான் நிற்கும் என்றார் பிரான்ட்லி. இசை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஒலிக்கிறது, எதுகைகள் வலிந்து இழுக்கப்பட்டவை, நடிப்பு கேலிச்சித்திரம்போல இருக்கிறது, சத்தத்தையே உணர்ச்சியின் ஆழமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பவை அவர் அடுக்கிய குறைகள். இந்த வரிகளே பெரிதும் பேசப்பட்டன. ஆனால் அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொன்று உண்டு: அந்தப் பயிற்சியற்ற தோற்றமே இளம் பார்வையாளர்களை இழுப்பதாக இருக்கலாம், பிராட்வேயில் இருப்பவற்றுள் இது ஒன்றுதான் தான் சித்திரிக்கும் பதின்பருவத்தினரே செய்ததைப் போன்ற உணர்வைத் தருகிறது. ரசிகர்கள் இதைக் குத்தலாக எடுத்துக்கொண்டார்கள். குத்தலும் அதில் இருக்கிறது. ஆனாலும் அந்த நாடகத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை அதை விரும்பாத ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

குறைகள் உண்மையானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதி ஸ்க்விப்பின் சதியை முறியடிக்கும் அவசரத்தில், முதல் பகுதி பொறுமையாகக் கட்டிய நட்பின் வலியைக் கைவிட்டுவிடுகிறது. மைக்கேல் மன்னிப்பது மிக எளிதாக நடக்கிறது. கிறிஸ்டீனைத் தவிர்த்த பெண் பாத்திரங்கள் பள்ளிக்கூட வகைமாதிரிகளாகவே நிற்கின்றன. ஒலித்தொகுப்பில் இந்தக் குறைகள் காதில் விழுவதில்லை, ஏனென்றால் அவை பெரும்பாலும் பாட்டுகளுக்கு இடையில் இருக்கின்றன. மறுபுறம், தெரமின் கருவியும் சின்தசைசரும் கலந்த அந்த இசைக்கோவையின் செறிவை ஒரே தடவை, அதுவும் ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவில் கேட்கும் விமர்சகருக்கு அதன் நுட்பம் எட்டுவது கடினம். பிராட்வே நாடகங்களுக்கு ஆண்டுதோறும் தரப்படும் டோனி விருதுகளுக்கு அந்த ஆண்டு இந்த நாடகம் பெற்ற ஒரே பரிந்துரை ஐகானிஸின் இசைக்கும் பாடல்களுக்கும்தான் என்பது இந்தப் பின்னணியில் பொருத்தமானது: தொழில்முறை வட்டாரம் ஏற்றுக்கொண்டதும் ஒலிப்பதிவில் இருந்த பகுதியைத்தான். விருது 'ஹேட்ஸ்டவுன்' நாடகத்துக்காக அனயிஸ் மிட்செலுக்குப் போனது.

விமர்சகர்களுக்குப் பதின்பருவமே ஆகாது என்று சொல்ல முடியாதபடி எதிர்ச்சான்றுகள் இருக்கின்றன. 2006 டிசம்பரில் பிராட்வேக்கு வந்த 'ஸ்பிரிங் அவேக்கனிங்' விமர்சகர்களால் கொண்டாடப்பட்டு, அடுத்த ஆண்டு சிறந்த இசை நாடகம் உள்பட எட்டு டோனி விருதுகளைப் பெற்றது. ஃபிராங்க் வெடெகிண்ட் எழுதி 1891இல் வெளியான ஜெர்மன் நாடகத்தைத் தழுவிய அது, உடலைப் பற்றிப் பெற்றோர் எதையும் சொல்லாமல் மறைத்ததால் பிள்ளைகள் அழிவதைக் காட்டுகிறது. பெரியவர்களின் வேடங்கள் அனைத்தையும் ஒரு நடிகரும் ஒரு நடிகையும் மட்டுமே மாறி மாறி ஏற்றார்கள். எல்லாப் பெரியவர்களும் ஒரே முகம் என்பது இளையோரின் பார்வை. ஆனால் குற்றவாளிகள் பெரியவர்கள் என்பதால், அரங்கில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கு நாடகத்தில் வேலை இருந்தது. அவர் வெட்கப்படலாம், வருந்தலாம். 'டியர் எவன் ஹான்சன்' இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. தற்கொலை செய்துகொண்ட சக மாணவனின் நண்பன் நான் என்று பொய் சொல்லிப் பெயர் பெறும் எவன் (Evan) என்ற பையனின் கதை அது. ஆனால் அதன் முதல் பாட்டு இரு தாய்மார்களுடையது. பிள்ளையை வளர்க்க வழி தெரியாமல் தவிக்கும் குரல்கள் திரை எழுந்ததும் கேட்கின்றன. 2017இல் அது பெற்ற ஆறு டோனி விருதுகளில் ஒன்று தாயாக நடித்த ரேச்சல் பே ஜோன்ஸுக்கு.

'பி மோர் சில்'லில் பெரியவர் என்று பொருட்படுத்தத்தக்கவர் ஜெரமியின் தந்தை ஒருவரே. மனைவி பிரிந்துபோன பின் கால்சட்டை போடுவதையே விட்டுவிட்டு வீட்டுக்குள் உலவும் வேடிக்கை மனிதர். மகனைக் காப்பாற்ற அவர் எடுக்கும் மாபெரும் தீர்மானம் கால்சட்டை அணிவது; அதற்கென்று ஒரு பாட்டும் உண்டு. நகைச்சுவையாக இது எனக்குப் பிடிக்கும். ஆனால் பார்வையாளராக வந்த பெரியவர் போய் உட்கார நாடகத்துக்குள் இருக்கும் நாற்காலி இது மட்டும்தான். பதின்பருவம் கடந்தவர்கள் அதைத் திரும்பிப் பார்த்து எழுதும் நாடகத்துக்கும், அதற்குள் இருப்பவர்கள் வேறு எவரையும் பார்க்காமல் பேசும் நாடகத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

'டியர் எவன் ஹான்சன்' 2021இல் திரைப்படமானபோது நடந்தது இந்த வாதத்துக்கு எதிர்பாராத துணையாகிறது. மேடையில் அந்தப் பையனாக நடித்து டோனி பெற்ற பென் பிளாட்டே படத்திலும் நடித்தார். படமாக்கப்பட்டபோது வயது 27. அரங்கின் தூரம் மறைத்ததைக் கேமரா காட்டிக்கொடுத்தது என்று விமர்சகர்கள் எள்ளினார்கள். பொய்யைச் சொல்லித் துக்க வீட்டின் அன்பைப் பெறும் பையனிடம் ஏன் இரக்கம் கொள்ள வேண்டும் என்ற கேள்வி, மேடை நாட்களில் சிலரே கேட்டது, இப்போது ஏறக்குறைய எல்லோரும் கேட்பதாயிற்று. வயதைப் பற்றிய கேலியைவிட முக்கியமானது வேறொன்று. தாய்மார்களின் தொடக்கப் பாட்டும், எவனின் தாயும் கூட்டாளிகளும் அவனைக் கடிந்து பாடும் பாட்டும் படத்தில் நீக்கப்பட்டன. மேடையில் அவனை எடைபோட்டுக்கொண்டிருந்த குரல்கள் போனதும், எடைபோடும் வேலை முழுவதும் விமர்சகரின் கைக்கு வந்தது. இத்தனைக்கும் திரையரங்குக்கு வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் நிறுவனம் கேட்டபோது அவர்கள் தந்தது 'ஏ மைனஸ்' என்ற உயர்ந்த மதிப்பெண். வந்தவர்களின் எண்ணிக்கைதான் குறைவு. முன்பே நேசித்தவர்கள் வந்தார்கள். அவர்கள் மேடையையும் ஒலிப்பதிவையும் மனத்தில் சுமந்துகொண்டு வந்ததால் நீக்கப்பட்ட குரல்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள் என்று கருத இடமுண்டு.

'பி மோர் சில்' ஏன் ஐந்து மாதங்களில் மூடப்பட்டது என்ற கேள்விக்கு விமர்சனத்தை மட்டும் விடையாகச் சொல்லிவிட முடியாது. கணக்கு எளிது. சிக்னேச்சர் மையத்தில் அது நடந்த அரங்கில் முந்நூறுக்கும் குறைவான இருக்கைகள். வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான அந்த ஓட்டத்தில் மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்கலாம். லைசியத்தில் 900க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள். அங்கே அதே எண்ணிக்கை மூன்றே வாரங்களில் தீர்ந்துவிடும். இணையத்தில் கேட்ட கோடிக்கணக்கான தடவைகள் அமெரிக்கா முழுவதும், அதற்கு அப்பாலும் சிதறிக் கிடந்தவை. கேட்டவர்களில் பலர் தனியே நியூயார்க்குக்குப் பயணம் செய்யும் வயதை எட்டாதவர்கள். டிக்கெட் வாங்கும் அட்டை அவர்கள் பெற்றோரின் பையில் இருந்தது. பிராட்வே பார்வையாளரின் சராசரி வயது அந்தக் காலகட்டத்தில் சுமார் 42. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சுற்றுலாப் பயணிகள். நகரத்துக்கு நான்கு நாட்கள் வரும் குடும்பம் எந்த நாடகத்தைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் நாளேட்டு விமர்சனத்துக்கும் டோனி விருதுக்கும் வேலை வருகிறது. பாட்டைப் பல நூறு முறை கேட்ட மகளை எந்த விமர்சனமும் அசைக்காது. அவளோடு உட்கார இன்னும் மூன்று டிக்கெட் வாங்க வேண்டிய பெற்றோரை அது அசைக்கும். ஜூன் மாதம் டோனி விருது விழாவில் வெறுங்கையோடு திரும்பிய பிறகு நிறுத்தும் அறிவிப்பு வெளியானது.

இலண்டனில் இதையொத்த ஒரு நாடகத்தின் தயாரிப்பாளர்கள் வேறு வழியை முயன்றிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வன்முறையைக் கருப்பு நகைச்சுவையாகச் சொல்லும் 'ஹெதர்ஸ்' 2014இல் நியூயார்க்கில் பிராட்வேக்கு வெளியே நடந்து சில மாதங்களில் முடிந்த நாடகம். அதுவும் ஒலிப்பதிவால் ரசிகர்களைச் சேர்த்ததுதான். 2018இல் இலண்டனின் சிறிய அரங்கமான 'தி அதர் பேலஸி'ல் அது வந்தபோது விமர்சகர்களை அழைக்கவே இல்லை. டிக்கெட்டுகள் அவர்கள் தயவில்லாமலே விற்றன. அதே ஆண்டில் பெரிய அரங்கமான ஹேமார்க்கெட் ராயல் தியேட்டருக்குப் போனபோதுதான் விமர்சகர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பொதுமக்கள் வாக்களிக்கும் வாட்ஸ்ஆன்ஸ்டேஜ் விருதுகளில் 2019இல் சிறந்த புதிய இசை நாடகமாக அது தேர்வானது. விமர்சகரை வாசலில் நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. புதிய நாடகங்களைப் பார்த்துச் சொல்லும் ஆளே இல்லையென்றால், ஒலிப்பதிவு பரவும் நற்பேறு வாய்க்காத நாடகங்கள்தான் முதலில் நசுங்கும். ஆனால் யாரிடமிருந்து யாருக்குத் தகவல் போகிறது என்பதை அந்தத் தயாரிப்பாளர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

'பி மோர் சில்'லும் 2020 பிப்ரவரியில் அதே 'தி அதர் பேலஸ்' அரங்குக்கு வந்தது; பெருந்தொற்றால் மார்ச்சில் நின்று, 2021 கோடையில் ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் தொடர்ந்தது. இதற்கிடையில் நடிக்கும் உரிமை பள்ளிகளுக்கும் தொழில்முறை சாராத குழுக்களுக்கும் கிடைத்துவிட்டதால், நாடகம் அதிகமாக வாழும் இடம் இன்று பெருநகர அரங்குகளாக இல்லை. பள்ளிக்கூட மேடையில் மைக்கேலாக நடிப்பவனுக்கு வயது பதினாறு. பக்கத்தில் நிற்கும் ஜெரமிக்கும் அவ்வளவே. பார்க்க வந்திருப்பவர்கள் அவர்களுடைய வகுப்புத் தோழர்கள். வலிந்த எதுகையும் மிகையான நடிப்பும் அங்கேயும் இருக்கின்றன. பதின்பருவத்தினரே செய்ததுபோல் இருக்கிறது என்று பிரான்ட்லி எழுதியது, அங்கே உவமையாக இல்லாமல் நடப்பாகவே இருக்கிறது.